பேஸ் கிட்டார்ப் பெட்டியின் ஒலியும் மதிப்பும்

இசைக்கருவிகளுட் பெரும்பாலன தம் ஒலியைத் தம் உடலினாலேயே பெருக்கிக் கொள்வன. வீணைக்குக் குடமும், மிருதங்கத்திற்குப் பலாக்கட்டையின் உட்குடைவும், வயலினுக்கு மெல்லிய பலகைகளாலாய கூடும் அத்தொழிலை இயற்றுகின்றன. பேஸ் கிட்டார் என்னும் தாழ்சுரக் கிட்டாருக்கோ அத்தகைய கூடு இல்லை. அதன் உடல் திண்ணிய மரக்கட்டை. அதன் தடித்த நான்கு கம்பிகளை வெறுமனே மீட்டினால் அருகிலிருப்போர்க்கும் செவ்வையாகக் கேளாது. கம்பியின் அசைவைக் காந்தச் சுருளொன்று மின்னலையாக மாற்ற, அம்மின்னலையை ஆம்ப்ளிபயர் பெருக்க, பெருகிய மின்னலையை ஸ்பீக்கர் பெட்டி மீண்டும் காற்றின் அசைவாக்க, அதன் பின்னரே அஃது இசையாகிறது. ஆகவே வீணைக்குக் குடம் எப்படியோ அப்படியே இக்கருவிக்குப் பெட்டி. உடலோடு ஒட்டியிராமல் ஒரு வடத்தின் மறுமுனையில் இருக்கிறது என்பதே வேற்றுமை. கருவியை ஆராய்ந்து வாங்குவோர் பலர். பெட்டியை ஆராய்ந்து வாங்குவோர் மிகச் சிலரே.

இப்பெட்டிகள் மலிந்த பொருள்களல்ல. கல்லூரி இசைக்குழுவினரும், ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கும் இளைஞரும் மாதக்கணக்கிற் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை ஒரு பிற்பகலிற் கடைக்காரர் கையிற் கொடுத்துவிட்டுப் பெட்டியைச் சுமந்து வருகின்றனர். அவர்கள் கண்டது பெரும்பாலும் மூன்றே: பின்புறத் தகட்டில் அச்சிட்ட வாட் எண், முன்புறத்திற் பொறித்த பெயர், பெட்டியின் பருமன். இம்மூன்றும் பொய்யல்ல, ஆயினும் இம்மூன்றிலிருந்தும் மக்கள் கொள்ளும் கருத்துக்களிற் பல பொய்யானவை. அவை எங்ஙனம் பொய்யாகின்றன என்பதையும், செவியாலும் கையாலும் ஒரு பெட்டியை எங்ஙனம் சோதிப்பது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மின்சார பேஸ் கிட்டாரை உலகில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்காவிற் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்ட்டன் நகரிற் பட்டறை நடத்திய லியோ ஃபெண்டர் என்பவர். அவருடைய 'பிரிசிஷன் பேஸ்' 1951-இல் வெளிவந்தது. அக்கருவிக்கென்றே 'பேஸ்மன்' என்ற பெயரில், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றோடு கூடிய ஆம்ப்ளிபயரை அவர் 1952-இல் அமைத்தார். பின்னர் அதே பெயருடைய பெட்டி 10 அங்குல ஸ்பீக்கர் நான்குடன் மாற்றியமைக்கப்பட்டது. விந்தை யாதெனில், தாழ்சுரத்திற்கென்று செய்த இப்பிந்திய பெட்டியைச் சாதாரணக் கிட்டார் வாசிப்போரே பெரிதும் விரும்பினர். இலண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் 1962-இல் ஆக்கிய முதல் ஆம்ப்ளிபயரும் அப்பேஸ்மன் சுற்றமைப்பைத் தழுவியதே. ஒரு பெட்டி எதற்கென்று செய்யப்பட்டது என்பது வேறு, எதற்குப் பொருந்தும் என்பது வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

நிற்க. பெட்டி எதற்கு? ஸ்பீக்கர் என்பது காந்தத்தின் இடுக்கில் நிற்கும் ஒரு கம்பிச்சுருளும் அச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்புமே. மின்னலை பாயுந்தோறும் சுருள் அசைய, கூம்பு முன்னும் பின்னும் சென்று காற்றைத் தள்ளும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. கூம்பு முன்னே செல்லுங்கால் முன்புறக் காற்று நெருங்கும். பின்புறக் காற்று நெகிழும். ஸ்பீக்கரைப் பெட்டியின்றி வைத்து ஒலிக்கச் செய்தால், நெருங்கிய காற்று ஓரத்தைச் சுற்றியோடி நெகிழ்ந்த பக்கத்தை நிரப்பிவிடும். விரைந்து அதிரும் உயர் சுரங்களில் இது நிகழ நேரம் போதாது. மெல்ல அதிரும் தாழ் சுரங்களிலோ நேரம் நிரம்ப உண்டு. ஆகவே தாழ்சுரம் பிறந்த இடத்திலேயே மடிந்துபோகும். பின்புறத்து ஒலி முன்புறத்து ஒலியைக் கொல்லாவாறு இடையே சுவர் எழுப்புவதே பெட்டியின் முதற்கடன்.

அச்சுவரை எழுப்பும் முறை இரண்டு. ஒன்று, பெட்டியை எல்லாப் பக்கமும் இறுக அடைத்துவிடுவது. அப்போது உள்ளிருக்கும் காற்று ஒரு வில்லைப்போற் கூம்பைத் தாங்கும். மற்றொன்று, பெட்டியில் ஒரு துளையோ குழலோ வைத்து, உட்காற்றையும் ஒரு குறித்த சுரத்தில் அதிரச் செய்வது. வெற்றுப் புட்டியின் வாயிற் குறுக்கே ஊதினால் 'பூம்' என்றெழும் ஓசையும், கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் எழுப்பும் ஓசை வேறுபாடும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. பெல் ஆராய்ச்சிக் கூடத்துத் தூராஸ் என்பவர் இம்முறைக்கு 1932-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். துளையுள்ள பெட்டி அளவிற் சிறியதாயிருந்தும் தாழ இறங்கும். ஆனால் இறங்கும் எல்லையைக் கடந்தபின் திடீரென்று விழும். அடைத்த பெட்டியில் எல்லைக்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் ஒலி குறையும். துளைப் பெட்டியில் 24 டெசிபல் வீதம் குறையும். அன்றியும், துளைப் பெட்டியில் அவ்வெல்லைக்குக் கீழே கூம்பைத் தாங்குவாரில்லை. உரக்க வாசித்தால் அது கட்டற்று ஆடிச் சேதமுறும். ஐந்தாவது கம்பி பூண்ட கருவியை வாசிப்போர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். நான்கு கம்பிக் கருவியின் தாழ்ந்த ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்வது. ஐந்தாங் கம்பியோ ஏறக்குறைய 31 முறையே அதிர்வது.

பெட்டி வாணிகத்தில் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதனை வகுத்தவர் ஆண்டன் ஹாஃப்மன் என்பவர். புகழ்பெற்ற பியானோ வித்துவான் ஜோசப் ஹாஃப்மனின் புதல்வர். பெட்டி சிறியதாயிருத்தல், ஒலி மிகத் தாழ இறங்குதல், சிறிது மின்திறனிலேயே உரக்க ஒலித்தல் ஆகிய மூன்றனுள் எவையேனும் இரண்டைத் தேர்ந்து கொள்ளலாம். மூன்றாவதை இழத்தல் வேண்டும். கூம்பின் எடையைக் கூட்டினால் அஃது இயல்பாக அதிரும் சுரம் தாழும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்பினாற் சுரம் தாழ்வது காண்க. ஆனால் கனத்த கூம்பை அசைக்க மின்திறன் மிகுதியும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-இலும், அவர் வழியில் ரிச்சர்டு ஸ்மால் என்பவர் 1970-களின் தொடக்கத்திலும் வெளியிட்ட கணக்குகளால், இன்ன ஸ்பீக்கருக்கு இன்ன கொள்ளளவுடைய பெட்டி தகும் என்பதை மரம் அறுக்குமுன்னரே எழுதிப் பார்த்துவிடலாம். ஆகவே, 'சிறிய பெட்டி, இடிமுழக்கம் போன்ற தாழ்சுரம், சிறிய ஆம்ப்ளிபயர் போதும்' என்று மூன்றையும் ஒருங்கே உறுதி கூறும் விளம்பரத்தைக் கண்டால், இவற்றுள் மறைந்தது எது என்று வினவுதலே முறை.

இனி, இத்துறையில் மிகுந்த புகழுடைய பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். ஆம்பெக் என்பது எவரெட் ஹல் என்பவர் அமெரிக்காவில் தோற்றுவித்த நிறுவனம். நின்று வாசிக்கும் பெரிய டபிள் பேஸின் அடிமுளைக்குள் ஒலிவாங்கும் உறுப்பொன்றை அவர் பொருத்தியதினின்றும் அப்பெயர் பிறந்தது. அந்நிறுவனம் 1969-இல் எஸ்.வி.டி. என்னும் 300 வாட் வால்வு ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப் பயணத்தில் அதன் முன்மாதிரிகளைப் பயன்படுத்தினர். அதனுடன் வந்த பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு உண்டு. உள்ளே நான்கு அறைகள், அறைக்கு இரண்டு ஸ்பீக்கர். எல்லாம் இறுக அடைத்தவை. அவ்வழிவந்த 810ஈ என்னும் பெட்டியின் உயரம் 48 அங்குலம், எடை 140 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 64 கிலோ. பேஸ் வாசிப்போர் பலரும் இதனையே அளவுகோலாகக் கொண்டு பிற பெட்டிகளை மதிப்பிடுவர்.

இப்பெட்டியின் அளவைத் தாளைப் பார்த்தவர் திகைப்பர். 58 ஹெர்ட்ஸிலேயே அதன் ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைகிறது. ஈ கம்பியின் அடிச்சுரமோ 41 ஹெர்ட்ஸ். எனவே, உலகம் போற்றும் இப்பேஸ் பெட்டி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரத்தை முழுதும் ஒலிப்பதே இல்லை! எனினும் அதன்முன் நின்று ஈ கம்பியை மீட்டக் கேட்டவர் எவரும் தாழ்சுரம் குறைகிறது என்று சொல்லார். இஃது எங்ஙனம்?

விடை நம் செவியில் உளது. கம்பி அதிரும்போது 41 மட்டுமன்றி, அதன் மடங்குகளாகிய 82, 123, 164 முதலிய மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. பேஸ் கிட்டாரிற் பெரும்பாலும் 82 என்னும் இரண்டாம் சுரம் அடிச்சுரத்தினும் வலியதாகவே இருக்கும். அடிச்சுரம் வாராதொழியினும், 82, 123, 164 என்று ஒழுங்காக வரும் தொடரைக் கேட்ட மனம், இவற்றின் மூலம் 41 என்று தானே கணக்கிட்டு அச்சுரத்தையே உணர்கிறது. திரைப்பாடல்களிற் பேஸ் கிட்டாருக்குத் தனியிடம் நல்கிய இளையராஜாவின் பாடல்களைக் கையளவு கைப்பேசியிற் கேட்கும்போதும் அதன் நடை நமக்குப் புலப்படுகிறதன்றோ? அச்சிறு ஸ்பீக்கரில் அடிச்சுரம் ஒன்றும் எழுவதில்லை. மேற்சுரங்களைக் கொண்டு நாமே அதனை நிரப்பிக் கொள்கின்றோம்.

ஆகவே, பேஸ் பெட்டியின் தகுதி அஃது எவ்வளவு தாழ இறங்கும் என்பதில் மட்டும் அடங்கியதன்று. ஏறக்குறைய 80 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை அது மேடுபள்ளமின்றி, குழப்பமின்றி, உரக்க வாசிக்கும்போதும் பிறழாது ஒலிக்கிறதா என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. எட்டு ஸ்பீக்கர்ப் பெட்டியின் சிறப்பு இங்கேதான் உள்ளது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், 10 அங்குலக் கூம்பு எட்டும் சேர்ந்து 15 அங்குலக் கூம்பு ஒன்றைப்போல மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையன. பரப்பு மிகுந்தால் ஒவ்வொரு கூம்பும் சிறிதே அசைந்தாற் போதும். சிறிதசையும் கூம்பு பிறழாது. '15 அங்குலமே தாழ்சுரத்திற்கு, 10 அங்குலம் தெளிவுக்கு' என்று பலர் கூறும் கொள்கைக்கு இதனால் அடிப்படையில்லை என்பது விளங்கும். பத்து அங்குலத்திலும் தாழ இறங்கும் கூம்புண்டு. பதினைந்திலும் இறங்காதது உண்டு.

உயரமும் கவனிக்கத்தக்கது. தரையில் வைத்த குட்டையான பெட்டி வாசிப்பவன் முழங்காலுக்கு இசைக்கிறதேயன்றி அவன் செவிக்கு இசைப்பதில்லை. தாழ்சுரம் எத்திசையும் பரவும்; உயர்சுரமோ ஒளிக்கற்றைபோல் நேரே செல்லும். ஆதலின் அருகில் நிற்பவன் தெளிவில்லை என்று கருதி உயர்சுரத்தைத் திருகி ஏற்ற, பத்தடி தள்ளி அமர்ந்திருப்போர் காது கூசும். நான்கடி உயரமுடைய பெட்டியில் மேல்வரிசை ஸ்பீக்கர்கள் செவிக்கு அண்மையில் நிற்கின்றன. சிறு பெட்டியுடையோர் அதனை நாற்காலிமேல் வைத்தோ, பின்னே சாய்த்தோ இதே பயனைக் காசின்றிப் பெறலாம்.

வாட் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 'இது 1000 வாட் பெட்டி' என்றால் அஃது ஆயிரம் வாட் அளவுக்கு ஒலிக்கும் என்பதன்று. அவ்வளவு மின்திறனைச் சுருள் கருகாமல் தாங்கும் என்பதே பொருள். கருகுமுன் கூம்பு தன் எல்லை கடந்து இடறத் தொடங்குவதும் உண்டு. அவ்வெல்லையை அவ்வெண் தெரிவிப்பதில்லை. உரப்பைத் தெரிவிப்பது வேறோர் எண்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் எழுகிறது என்பது. மேற்சொன்ன 810ஈ பெட்டிக்கு அஃது 100. மற்றொரு சிறிய பெட்டிக்கு 94 என்று கொள்வோம். ஆறு டெசிபல் வேற்றுமை அற்பமாகத் தோன்றும். ஆயினும் 3 டெசிபலுக்கு மின்திறன் இருமடங்காகலின், முன்னது 100 வாட்டில் எழுப்பும் ஒலியை எழுப்பப் பின்னதற்கு 400 வாட் வேண்டும். பெட்டி வாங்கும்போது ஆம்ப்ளிபயரின் விலையும் மறைவாகத் தீர்மானிக்கப்படுகிறது என்பதை இதனால் அறியலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அளவைத் தாள்களில் இவ்வெண்ணை எச்சுரத்தில் அளந்தனர் என்று பலர் சொல்வதில்லை, உயர்சுரக் குழலின் உதவியால் எண்ணை ஏற்றிக் காட்டுவோரும் உளர்.

இனிச் செவிச் சோதனை. கடையிற் கேட்பது பலவகையால் மயக்கம் தருவது. முதலாவது, உரத்தது நல்லதாகத் தோன்றும். 1933-இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்து ஃப்ளெச்சர், மன்சன் என்போர் காட்டியபடி, மனிதச் செவிக்கு மெல்லிய ஒலியில் தாழ்சுரம் மிகக் குன்றிக் கேட்கும். ஒலி உயர உயர அக்குறை நீங்கும். ஆகவே, இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது சிறிது உரத்து ஒலிக்கும் பெட்டி தாழ்சுரம் நிறைந்ததாகவும் தோன்றிவிடும். இரண்டையும் ஒரே உரப்பிற்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். இரண்டாவது, தனியே கேட்பது. 80, 100 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு வைத்துச் செய்த பெட்டி தனியே வாசிக்கையில் வயிற்றை நிரப்பும் இனிமையுடையது. மத்தளமும் கீபோர்டும் கிட்டாரும் கூடியவுடன் அவ்வினிமையே சேறாகி, எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்றே தெரியாது போகும். தனியே கேட்கையிற் சற்று வறண்டதாக, மூக்கொலி கலந்ததாகத் தோன்றும் பெட்டியே குழுவினிடையே தெளிவாக நடந்து செல்வதை நாம் பன்முறை கண்டிருக்கின்றோம். கூடுமாயின் முழவுக்காரர் ஒருவரை உடனழைத்துச் செல்வது பத்துப் பேரின் அபிப்பிராயத்தைக் கேட்பதினும் மேலானது.

மூன்றாவது மயக்கம் அறையைச் சார்ந்தது. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். கடையின் அறை அதனினும் சிறியதாகலின், சில சுரங்கள் சுவர்களிடையே மோதி வீங்கும். சில நின்ற இடத்திலேயே மறையும். மூலையில் ஒட்டி வைத்த பெட்டி நடுவில் வைத்ததினும் தாழ்சுரத்தில் மிக வலிதாகும். இதனையறிந்த விற்பனையாளர் தாம் விற்க விரும்பும் பெட்டியை மூலையில் வைப்பர். எனவே, ஆம்ப்ளிபயரின் திருகுகளையெல்லாம் நடுநிலையில் நிறுத்தி, திறந்த ஈ கம்பி தொடங்கிப் பன்னிரண்டாம் கட்டை வரை ஒவ்வொரு சுரமாக ஒரே வலிவுடன் மெல்ல வாசித்துப் போதல் வேண்டும். யாதேனும் ஒரு சுரம் மட்டும் முழங்கினால், பெட்டியை இரண்டடி தள்ளி வைத்து மீண்டும் வாசிக்க. முழக்கம் வேறு சுரத்திற்கு மாறினாலோ மறைந்தாலோ குற்றம் அறையினது. அதே சுரத்தில் நின்றால் குற்றம் பெட்டியினது. பின்னர் மிக மெல்லவும், அதன்பின் உரக்கவும் வாசித்து, ஒலியின் குணம் மாறுகிறதா என்று நோக்குக. முடிவில் வேறொருவரை வாசிக்கச் செய்து, நாம் இருபதடி பின்சென்று கேட்டல் வேண்டும். பெட்டியில் உயர்சுரக் குழல் இருந்தால் அதனை முற்றும் அடைத்து ஒருமுறை, திறந்து ஒருமுறை கேட்க. அடைத்தபோது ஒலி செத்துவிடுமாயின், பெரிய கூம்புகளுக்கும் குழலுக்கும் இடையே ஒருவரும் பொறுப்பேற்காத பள்ளம் ஒன்று இருக்கிறது என்று அறியலாம்.

இச்சோதனைகளில் நெடுநேரம் உரக்க வாசித்தல் தகாது. அமெரிக்காவின் தொழிற்சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 85 டெசிபலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கே அனுமதிக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலிற் கால் மணி நேரமே எஞ்சும். பெட்டி பழுதுற்றால் புதுக் கூம்பு கிடைக்கும். உட்செவியில் அழிந்த நுண்மயிர் அணுக்கள் மீள முளைப்பதில்லை.

புகழ்பெற்ற பதிவு ஒன்றைக் கேட்டு, அந்த ஒலியே வேண்டும் என்று பெட்டி தேடுவோரையும் காண்கின்றோம். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் பதிவுகளிற் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரோடு, ஆம்பெக் 1960-இல் வெளியிட்ட பி-15 என்னும் 15 அங்குலப் பெட்டியைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். அவர் அதனை மேடைகளிற் பயன்படுத்தியது உண்மை. மோட்டவுன் பதிவறையிலோ அவருடைய கருவி பெரும்பாலும் பெட்டியின் வழியே செல்லாது, நேரே பதிவு மேசையோடு இணைக்கப்பட்டது. நாம் அப்பதிவுகளிற் கேட்டு மயங்கும் ஒலியிற் பெட்டிக்குப் பங்கு சிறிதே. ஜேமர்சனின் ஒரு விரலுக்கு உரியதே பெரும்பங்கு.

பழைய பெட்டிகளை வாங்குவோர் கையாற் செய்யவேண்டிய சோதனைகள் தனி. முதலிற் பலகையைத் தட்டிப் பார்க்க. நல்ல ப்ளைவுட் இறுகிய, குறுகிய ஓசை தரும். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை ஈரம் பட்டால் மூலைகளில் உப்பி உதிரும், அங்கே திருகாணி பிடிக்காது. கடலோர ஊர்களில் இருந்த பெட்டிக்கு இச்சோதனை இன்றியமையாதது. இரு கைவிரல்களையும் கூம்பின் இருபுறத்தும் பரப்பிச் சமமாக மெல்ல அழுத்துக. சுரண்டும் ஓசை கேட்டால் சுருள் காந்தத்தில் உராய்கிறது. அந்த ஸ்பீக்கருக்குக் கூம்பும் சுருளும் மாற்றும் செலவு உண்டு என்று விலையிற் கழித்துக்கொள்க. அடைத்த பெட்டியில் ஒரே அறையிலுள்ள இரண்டு கூம்புகளுள் ஒன்றை உள்ளே அழுத்தினால் மற்றொன்று வெளியே எழும்பவேண்டும். எழும்பாவிடில் எங்கோ காற்று கசிகிறது. 1.5 வோல்ட் பாட்டரி ஒன்றை இணைப்பு முனைகளில் ஒரு கணம் தொட்டால் எல்லாக் கூம்புகளும் ஒரே திசையில் அசையவேண்டும். பழுது பார்த்தவர் ஒன்றன் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால், அது மற்றவற்றின் தாழ்சுரத்தை உண்ணும்; வாங்கியவர் காரணம் தெரியாமல் ஆம்ப்ளிபயரைக் குறை கூறிக்கொண்டிருப்பார். கைப்பேசியிற் கிடைக்கும் செயலியொன்றால் ஒற்றைச் சுரத்தை 40 ஹெர்ட்ஸிலிருந்து 400 வரை மெல்ல ஏற்றிச் சென்றால், தளர்ந்த கைப்பிடி, நெகிழ்ந்த முன்திரை, பிளந்த பலகை யாவும் தத்தம் சுரத்தில் தாமே குரல் கொடுக்கும்.

ஓம் கணக்கில் தவறினாற் பொருட்சேதம் பெரிது. 8 ஓம் பெட்டி இரண்டை ஆம்ப்ளிபயரிற் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டி இரண்டானால் 2 ஓம். 4 ஓமுக்குக் கீழே ஏலாத டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் அங்கே கொதித்துப் போகும். வால்வு ஆம்ப்ளிபயருக்கோ பெட்டியே இணைக்காமல் வாசிப்பது பேராபத்து. மீட்டரால் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 என்று காட்டும். அது குற்றமன்று, மீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின் தடையே. ஆம்பெக் எட்டு ஸ்பீக்கர்ப் பெட்டியில் ஒவ்வொன்றும் 32 ஓம்; எட்டும் பக்க இணைப்பாய்ச் சேர்ந்து 4 ஓம் ஆகின்றன. அவற்றுள் ஒன்று செத்தால் மொத்தம் நாலரை ஓமுக்குச் சற்று மேலாகுமேயன்றிப் பெரிதும் மாறாது. செவிக்கும் எளிதில் தெரியாது. எனவே, ஒவ்வொரு கூம்பிலும் காதை வைத்தோ விரல்நுனியால் தொட்டோ உயிருண்டா என்று அறிதல் வேண்டும். செத்ததற்கு ஈடாகக் கடையிற் கிடைக்கும் சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டலாகாது. 32 ஓம் ஸ்பீக்கர் தேடிப் பெறவேண்டிய பொருள். ஆகவே, மலிவாகக் கிடைத்த எட்டு ஸ்பீக்கர்ப் பெட்டி மலிவில்லாமற் போவதுண்டு.

விலை என்பது ஒலியை மட்டும் பின்பற்றுவதன்று. பழம்பெட்டிகளைத் திரட்டுவோர் உள்ளே முதலிற் பூட்டிய ஸ்பீக்கரே இருக்கிறதா என்று ஆராய்வர். பழைய அமெரிக்க ஸ்பீக்கர்களின் சட்டத்தில் எண்வரிசை ஒன்று பொறித்திருக்கும். தொடக்க எண்கள் செய்தவரையும், அடுத்து வருவன ஆண்டையும், கடைசி இரண்டு அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். 220 என்றால் ஜென்சன், 137 என்றால் சி.டி.எஸ்., 67 என்றால் எமினன்ஸ். தொடக்க கால எஸ்.வி.டி. பெட்டிகளிற் சதுரப் பின்புறமுடைய சி.டி.எஸ். ஸ்பீக்கர்கள் இருந்தன, அவை எட்டும் குலையாமல் உள்ள பெட்டிக்குத் தனி விலை. கூம்பு மாற்றப்பட்ட பெட்டி செவ்வனே ஒலித்தாலும் திரட்டுவோர் கண்ணில் மதிப்பிழக்கும். வாசிப்பவனுக்கு அதுவே ஆதாயம். பிறர் வெறுத்த பெட்டியை அவன் குறைந்த விலைக்குப் பெறலாம்.

எடையும் விலையின் பகுதியே. 64 கிலோப் பெட்டியை மாடிப்படி ஏற்ற இருவர் வேண்டும், வண்டி வேண்டும். 1980-களிற் கண்டறியப்பட்ட நியோடிமியக் காந்தம் சிறிய அளவிற் பெருவலி உடையதாகலின், அதனைப் பூண்ட 12 அங்குலப் பெட்டியை ஒருவர் ஒரு கையாற் சுமக்கலாம். 2011-இல் அக்காந்தத்தின் மூலப்பொருள் விலை திடீரென்று பன்மடங்கு ஏறியபோது செய்வோர் பலர் மீண்டும் கனத்த காந்தத்தை நாடினர். ஆகலின் ஒரே தோற்றமுள்ள இரண்டு பெட்டிகளையும் தூக்கிப் பார்த்தே வாங்குக. பெரிய மேடைகளில் எட்டு ஸ்பீக்கர்ப் பெட்டியை வாடகைக்காரரே கொணர்ந்து வைப்பது வழக்கம். அங்கும் மக்களுக்குக் கேட்பது கூடத்தின் ஒலிபெருக்கிகள் வழியாகவே. மேடைப் பெட்டி வாசிப்பவனுக்கும் அவன் அருகிலிருப்போர்க்குமே. ஆலயத்திலும் கல்லூரி மண்டபத்திலும் அதுவே நிலையாகலின், நன்கு ஒலிக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுடைய பெட்டி அங்குப் பெரும்பாலும் போதும். பின்னர்த் தேவையாயின் அதே வகையில் இன்னொன்றை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திக்கொள்ளலாம். முதற்பெட்டியை 8 ஓமாக வாங்கியவர்க்கே அவ்வழி திறந்திருக்கும். 4 ஓமாக வாங்கியவர் புது ஆம்ப்ளிபயரையும் தேடவேண்டி வரும்.